லிமிட் டிரா போக்கரில் நல்ல சீட்டு வந்தால் ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) எப்போது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நான் ஆரம்பிக்கிறேன். சான் ஹோசேயில் ஒரு நண்பர் வீட்டில் அவ்வப்போது கூடி ஆடுவோம், ஐந்து சீட்டு டிரா (ஐந்து சீட்டு வாங்கி, வேண்டாததை ஒருமுறை மாற்றிக்கொள்வது), ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஓப்பன் செய்யலாம், அதாவது முதல் பந்தயம் போடலாம். சீட்டு மாற்றுவதற்கு முன் பந்தயம் 1 டாலர், மாற்றிய பிறகு 2 டாலர், ஏற்றினாலும் அதே அளவுதான், அதுதான் லிமிட். ஊரில் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் வந்து உட்கார்ந்தால் நல்ல சீட்டைப் பார்த்ததுமே ஏற்றுவார்கள், மற்றவர்கள் பயந்து ஓடுவார்கள் என்ற நினைப்பில். லிமிட்டில் ஏற்கெனவே ஒரு டாலர் போட்டவன் இன்னொரு டாலருக்காகச் சீட்டைக் கவிழ்க்க மாட்டான். இன்னும் காசே போடாதவன்தான் ரெய்ஸுக்கு யோசிப்பான்.

போன தடவை நடந்தது: எனக்கு முன்னால் இருந்தவர் ஓப்பன் செய்தார், என்னிடம் ராஜா ஒன்பது இரண்டு ஜோடி, எனக்குப் பின்னால் நாலு பேர் பாக்கி. உடனே ரெய்ஸ். இரண்டு ஜோடி பார்க்கத்தான் அழகு, ஒரு சீட்டு மாற்றி ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) ஆவது 47ல் 4 தான், ஆனால் ஜோடியோடு வந்து மூன்று சீட்டு மாற்றுகிற ஒவ்வொருவருக்கும் ஏதாவது தேறும் வாய்ப்பு கிட்டத்தட்ட 29 சதவீதம். நாலு பேரையும் உள்ளே விட்டால் கதை முடிந்தது. மூன்று பேர் போய்விட்டார்கள், அதுவே போதும்.

அப்புறம் இன்னொரு ஆட்டத்தில் மூன்று ஏழு வந்தது, நான் கடைசி ஆள், மூன்று பேர் காசு போட்டுவிட்டார்கள். இங்கேயும் ரெய்ஸ்தான், ஆனால் காரணம் வேறு, யாரும் போக மாட்டார்கள் என்று தெரிந்தே போடுவது, மூன்று பேரும் பின்தங்கியிருக்கும்போது ஆளுக்கு ஒரு டாலர் கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன். இதே மூன்று ஏழு, ஓப்பன் செய்தவருக்கு அடுத்த இரண்டாவது இடத்தில் வந்திருந்தால் பேசாமல் கால் செய்து (ஏற்றாமல் சமமாகப் போட்டு) கூட்டத்தை உள்ளே வரவிட்டிருப்பேன். சீட்டு மாற்றும்போது ஒரு ஏஸைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் மாற்றினேன். இரண்டு மாற்றினால் தேறும் வாய்ப்பு 10.4 சதவீதம், ஒன்று மாற்றினால் 8.5, அந்த இரண்டு சதவீதத்தைக் கொடுத்தால் என்னிடம் மூன்று இருப்பது யாருக்கும் தெரியாது.

ஓப்பன் செய்தவர் மூன்று மாற்றிவிட்டு 2 டாலர் பெட் செய்தார், மற்ற இருவரும் கவிழ்த்தார்கள், எனக்குச் சீட்டு தேறவில்லை. கால் மட்டும் செய்தேன். அவர் காட்டியது இரண்டு ஜோடி, "2 டாலரை விட்டுட்டியே" என்று பக்கத்தில் ஒரே கிண்டல். கணக்கைப் பாருங்கள். அவருக்கு 100க்கு 16 முறை இரண்டு ஜோடி வரும், 11 முறை மூன்று வரும், ஓப்பன் செய்தவர் என்பதால் அந்த மூன்று ஜாக்கியாவது இருக்கும், என் ஏழைத் தாண்டியது, திருப்பி ஏற்றவும் செய்வார். மூன்று ஏஸ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றியிருப்பேன்.

*

கால் சரிதான், கிண்டலை விடுங்கள். நான் இதைக் கற்றது பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம், ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கார்டீனா கிளப்களில் ஆடியவர். ஸ்டட் வகைக்கு (சில சீட்டுகளைத் திறந்து வைத்து ஆடும் போக்கர்) தடை இருந்தும் கலிபோர்னியாவில் டிராவுக்கு வழி இருந்ததால் அந்த ஊரே இந்த ஆட்டத்தில் ஓடியது, 80களின் கடைசியில் ஹோல்டெம் (நடுவில் எல்லோருக்கும் பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர்) வந்த பிறகுதான் டிரா மங்கியது.

அங்கே சீட்டுக்கட்டில் ஜோக்கரும் உண்டு, மொத்தம் 53 சீட்டு, ஜோக்கர் ஏஸாகவோ, ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து எண்), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே ஜாதி) நிரப்பவோ மட்டும் பயன்படும். எங்கள் வீட்டு ஆட்டத்தில் ஒருநாள் நாலு பேர் காசு போட்ட பிறகு தாத்தா ரெய்ஸ் செய்தார், கடைசியில் பார்த்தால் ஜோக்கர், 7, 8, 9 வைத்துக்கொண்டு ஏற்றியிருக்கிறார்! ஒரு ஜோடிகூட இல்லாமல் எதற்கு என்று கேட்டேன். 5, 6, 10, ஜாக்கி எது வந்தாலும் ஸ்ட்ரெய்ட், பார்க்காத 48 சீட்டில் 16, மூன்றில் ஒரு பங்கு, ஆனால் அவர் போடுகிற ஒவ்வொரு டாலருக்கும் எதிரில் நாலு டாலர் வருகிறது. எதிரில் ஒரே ஆள் இருந்தால் ஏற்றியிருக்க மாட்டாராம்.

*

இரண்டாவது இடத்தில் மூன்று ஏழை வைத்துக்கொண்டு சும்மா கால் செய்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் மேசையில் ரெய்ஸ் போட்டாலும் எல்லோரும் வருவார்கள், இரண்டு டாலர் கொடுக்கத் தயாராக இருப்பவனிடம் ஏன் ஒரு டாலர் வாங்க வேண்டும்? நல்ல சீட்டு இருந்தால்தான் உள்ளே வருகிற, கெட்டியாக ஆடுகிற மேசையென்றால் சரி, அங்கே நீங்கள் சொன்னபடி.