இசையினி காதுகுத்து (நம்ம குடும்பம் மட்டும்)

செல்வி: ஞாயித்துக்கிழமை வேன் காலைல அஞ்சரைக்கே வந்துரும், போன தடவ மாதிரி ஆளுக்கொரு நேரத்துக்கு வராதீங்க. முருகேசா முயல் கறி எத்தனை கிலோ வரும்? சமையக்காரரு மசாலாவுக்குக் கேக்குறாரு

முருகேசன்: அக்கா ஒரு சிக்கல்

முருகேசன்: (போட்டோ)

முருகேசன்: நாலஞ்சு நாளா தலைய உதறிக்கிட்டே இருக்குதுக. பின்னங்காலால காதைப் பிறாண்டுது. இன்னைக்கு டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள இப்படி

ரேவதி: ஐயோ என்ன மாமா இது கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி

பாண்டி: சாப்புட்டுட்டு இருக்கேன்டி 🤢

தனலட்சுமி: புதுசா வாங்குனத தனிக் கூண்டுல விடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டா

முருகேசன்: மன்னவனூர் பண்ணைல வாங்குனது நல்லாத்தான் இருக்கு. சந்தைல புடிச்ச ஜோடிக்குத்தான் மொதல்ல வந்துச்சு

செல்வி: கறி எத்தனை கிலோ?

ராஜாராம்: அனைவருக்கும் வணக்கம். முருகேசா பதறாத, இது காது சொறி, உண்ணி மாதிரி ஒண்ணு ஆனா ரொம்பப் பொடிசு, காதுத் தோல்ல இருந்து கடிக்க கடிக்க நீர் ஊறி அது காஞ்சு பொறுக்காகும், அந்தப் பொறுக்குக்கு அடியிலயே அது குடும்பம் நடத்தும், ஒரு கூண்டுல இருந்து அடுத்த கூண்டுக்கு சுலபமா போயிரும், நான் கால்நடைத் துறை சர்வீஸ்ல இருந்தப்ப கொடைக்கானல் மேல எத்தனையோ பாத்துருக்கேன், மொதல்ல ஒரு ஈர்க்குச்சில பஞ்சு சுத்தி அந்தப் பொறுக்கெல்லாம் நல்லா வழிச்சு எடுத்துட்டு

கவிதா: அப்பா வழிக்கச் சொல்லாதீங்க!!

கவிதா: சித்தப்பா தொடவே வேணாம். உரிச்சா அடியில பச்சைப் புண்ணு, ரத்தம் வரும், வலில துடிச்சிரும். மருந்து வேலை செஞ்சா தானா உதிரும்

ராஜாராம்: எண்ணெய் விட்டு ஊறவெச்சு வழிக்கச் சொல்ல வந்தேன். முழுசாப் படிக்கிற பழக்கம் நாமக்கல் வெட்னரி காலேஜ்ல சொல்லிக் குடுக்கல போல

பாண்டி: செவலை மாட்டுக்குப் பாத்த வைத்தியம் மாதிரியா பெரிய மாமா 😂

ராஜாராம்: செவலை செத்தது வயிறு உப்புசத்துல. முப்பது வருசமா இதையே சொல்லுங்க

செல்வி: அண்ணே விடுங்க. டேய் பாண்டி சும்மா இரு, தாய்மாமன் சீர் வாங்கியாச்சா நீ?

பாண்டி: வாங்கிருவேன்மா. சின்ன மாமா, டாமிக்கு முதுகுல விடுற உண்ணி மருந்து எங்கிட்ட இருக்கு, கொண்டு வரவா

கவிதா: அதுல ஃபிப்ரோனில்னு போட்டிருக்கா பாரு

பாண்டி: ஆமா

கவிதா: முயலுக்கு அது விஷம். கிட்டவே கொண்டு போகாத

தனலட்சுமி: பாப்பாவுக்கு வாங்குன அமாக்ஸிசிலின் சிரப் பாதி கிடக்கு

கவிதா: சித்தி அதுவும் வேணாம்!! வாய் வழியா குடுத்தா குடல் கெட்டுப்போய் செத்துரும்

ராஜாராம்: கவிதா சொல்றது சரி. ஐவர்மெக்டின் ஊசிதான் இதுக்கு, பிடரித் தோலைத் தூக்கி தோலுக்கு அடியில போடணும், கிலோவுக்கு 0.2ல இருந்து 0.4 மில்லிகிராம், 1 சதவீத மருந்துன்னா 2 கிலோ முயலுக்கு 0.04 மில்லியே போதும், மேல போனா 0.08, மாட்டு சிரிஞ்சில அதை அளக்கவே முடியாது இன்சுலின் சிரிஞ்சு வேணும், அதனால நீயா போடாத டாக்டர எடை போட்டுப் போடச் சொல்லு, 10 - 14 நாள் கழிச்சு மறுபடி போடணும் ஏன்னா முட்டைய மருந்து கொல்லாது, காது நல்லா இருக்கிற முயலையும் விடக்கூடாது, ஷெட்டுல இருக்கிறது அத்தனைக்கும்

முருகேசன்: அத்தனைக்குமா

ராஜாராம்: அத்தனைக்கும். கூண்டுல இருக்கிற வைக்கோல், முடி எல்லாத்தையும் எரி. இரும்புக் கூண்டுக்கு ஃபிளேம் கன் காட்டு, முயல வெளிய எடுத்துட்டு. முயல் மேல இல்லாமலே அந்தப் பூச்சி மூணு வாரம் வரைக்கும் உசுரோட கிடக்கும்

ரேவதி: குழந்தைக்குத் தொத்துமா? போன வாரம் மடில வெச்சு வெளாண்டுச்சு

கவிதா: காதுக்குள்ள மட்டும்னா தொத்தாதுக்கா. மூக்கு நுனி, கால் விரல்ல சொறி இருந்தா அது வேற வகை, நம்ம கையும் அரிக்கும். சித்தப்பா பாருங்க

முருகேசன்: மூக்கு சுத்தமா இருக்கு

தனலட்சுமி: வெள்ளைப் பொட்டைக்கு மட்டும் தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. சுத்திச் சுத்தி வருது. இவரு அதைச் சொல்ல மாட்டாரு

கவிதா: சித்தி அத மொதல்லயே சொல்லக் கூடாதா. உள்காதுல சீழ் புடிச்சிருக்கலாம், வேற நோயாவும் இருக்கலாம். சொறி ஊசி மட்டும் பத்தாது. நாளைக்குக் காலைல அதத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி போங்க. காதைப் புடிச்சுத் தூக்காதீங்க

முருகேசன்: சரிம்மா

செல்வி: அப்ப ஞாயித்துக்கிழமை கறி?

கவிதா: அத்தை ஊசி போட்டா ஒரு மாசமாவது வெட்டக் கூடாது. கறியில மருந்து இருக்கும்

செல்வி: அப்ப வெட்டிட்டு மிச்சத்துக்கு ஊசி போட வேண்டியதுதான

ரேவதி: அம்மா!! எங்க மாமியார் வீட்டு ஆளுகளுக்கு சொறி முயலா

பாண்டி: காட்டு முயல் ரெண்டு மூணு புடிச்சுத் தர ஆளு இருக்கு

ராஜாராம்: வனத்துறை கேஸ் ஆயிரும். 1972 வனவிலங்குச் சட்டம். என் பென்சன்ல கை வெக்காத

செல்வி: முருகேசன் சொன்னான்னுதான் நான் ஆட்டுக்காரருக்கு அட்வான்ஸே குடுக்கல. ரேவதி கல்யாணத்துலயும் இதே கதைதான், கடைசி நேரத்துல

தனலட்சுமி: மதினி அந்தக் கல்யாணத்துக்கு அண்டா குண்டா எல்லாம் எங்க வீட்டுல இருந்துதான் வந்துச்சு

செல்வி: நான் உன்னச் சொல்லல தனம்

முருகேசன்: 10 கிலோ ஆட்டுக்கறி என் கணக்குல வெச்சுக்கங்கக்கா

செல்வி: நாட்டுக்கோழியும் போடலாமா?

பாண்டி: கோழி வேணாம். எல்லாரும் கோழிதான் போடுறாங்க

ராஜாராம்: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

செல்வி: அண்ணே என்ன அழிச்சீங்க

ராஜாராம்: எழுத்துப் பிழை. முருகேசா ஆஸ்பத்திரில டாக்டர் கேம்ப் போயிருந்தா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் அடி

முருகேசன்: சரிண்ணே. இன்சுலின் சிரிஞ்சு மெடிக்கல்ல சும்மா கேட்டா குடுப்பானா?

செல்வி: கோழியா ஆடா, யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க, சமையக்காரரு லைன்ல இருக்காரு