எந்த வாங் வெய்?

தொடக்கப் பதிவு – சிங்கப்பூர், ஆய்வகப் பணி

எங்கள் ஆய்வகத்தில் வாங் வெய் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் லேசர் பிரிவில் வேலை செய்கிறார். இன்னொருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி. ஆங்கிலத்தில் எழுதினால் இருவர் பெயருக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் மட்டும் அந்த அம்மாவின் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் நான்ஜிங்கிலிருந்து ஒரு மாணவர் புதிதாக வந்து சேர்ந்தார். தேநீர் நேரத்தில் இவர்கள் இருவரும் அவரிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலாமவர், "மூன்று கோட்டு வாங், வெய்தாவில் வரும் வெய்" என்றார். சொல்லிக்கொண்டே இடது உள்ளங்கையில் வலது ஆள்காட்டி விரலால் எழுதியும் காட்டினார். கிடையாக மூன்று கோடு, நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. அரசன் என்று பொருள். வெய்தா என்றால் மாபெரும். அடுத்து அந்த அம்மா, "மூன்று துளித் தண்ணீர் வாங், சியாங்வெய்யில் வரும் வெய்" என்றார். அதே அரசன் எழுத்துக்கு இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகளைச் சேர்த்தால் பரந்த நீர்ப்பரப்பு என்று ஆகிவிடும். சியாங்வெய் என்பது கொடியாகப் படரும் ஒரு வகை ரோஜா. மாணவர் தலையாட்டினார், அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை அவை சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்கள்.

காதுக்கும் அவை வேறு வேறுதான். சீனத்தில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி உண்டு. முதலாமவர் பெயரில் வாங் மேலே ஏறும், வெய் இறங்கிப் பிறகு ஏறும். அந்த அம்மாவின் பெயரில் இரண்டு அசையும் உயரத்திலேயே நிலையாக நிற்கும். சீனத்தை ஆங்கில எழுத்துகளில் எழுத 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில் இதற்கெல்லாம் முறையாகக் குறிகள் இருக்கின்றன. ஆனால் பாஸ்போர்ட்டிலும் ஆய்விதழ்களிலும் யாரும் அவற்றைப் போடுவதில்லை. தொனியை விட்டுவிட்டால் மிஞ்சும் அசைகள் சுமார் 400. சீன அரசு 2013இல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் இருப்பதோ 8,105 எழுத்துகள். அத்தனையும் இந்த 400 அசைக்குள் அடங்கியாக வேண்டும். தமிழில் நான் 'வெய்' என்று எழுதும்போதும் இதேதான் நடக்கிறது.

எங்கள் துறையில் இது பேச்சோடு போகிற விஷயம் இல்லை. ஒருவர் உழைத்து எழுதிய கட்டுரை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். 2007 டிசம்பரில் அமெரிக்க இயற்பியல் கழகம் ஒரு நல்ல முடிவு எடுத்தது. சீன, ஜப்பானிய, கொரிய ஆய்வாளர்கள் ஆங்கிலப் பெயருக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் தங்கள் மொழியின் எழுத்திலும் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று தன் இதழ்களில் அறிவித்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொடுத்ததே இந்தப் பெயர்தான். எட்டு வெவ்வேறு சீனப் பெயர்களை எழுதி, எட்டும் ஆங்கிலத்தில் 'வெய் வாங்' ஆகிவிடுகின்றன என்று காட்டியிருந்தார்கள். அந்த எட்டுக்குள் வரும் வெய்களில் மாபெரும் என்பது உண்டு, கொடி ரோஜா உண்டு, கட்டிக் காப்பது, காவல், மலைபோல் ஓங்கியது, வல்லமை என்றெல்லாம் உண்டு. பெற்றவர்கள் அவ்வளவு யோசித்து வைத்தது மூன்று ஆங்கில எழுத்தில் காணாமல் போய்விடுகிறது.

இதில் முன்பின் குழப்பம் வேறு. சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். இதழ்கள் அதைப் பின்னால் தள்ளும். வெய் என்பதும் ஒரு குடும்பப் பெயர்தான், அதிலும் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆகவே 'வெய் வாங்' என்று பார்த்தால் எது குடும்பம், எது ஆள் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. 2012இல் ஆர்க்கிட் (ORCID) என்ற அடையாள எண் வந்தது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் 16 இலக்க எண். பயனுள்ள ஏற்பாடுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்குப் பெயரே பெயராக நிற்கும் அந்த அடைப்புக்குறிதான் மேலாகத் தெரிகிறது.

சீனர்களோடு படித்தவர்கள், வேலை செய்தவர்கள், அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மறுமொழி – பினாங்கு, இல்லத்தரசி

நாங்கள் இருப்பது சீனர்கள் நிறைந்த தெரு. பக்கத்து வீடு ஊய் குடும்பம், ஹொக்கியன் என்ற சீன வட்டாரமொழி பேசுகிறவர்கள். அந்த வீட்டுப் பாட்டியை நானும் ஆ மா என்றுதான் கூப்பிடுவேன். பேரனுக்கு ஈப்போ பக்கம் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. பெண் வீட்டில் பேசுவது கேண்டனீஸ் என்ற இன்னொரு சீன வட்டாரமொழி, குடும்பப் பெயர் வோங். எல்லோருக்கும் சந்தோஷம், ஆ மா மட்டும் பேசவே இல்லை. "எந்த வோங்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரியாமல் அந்த வீட்டு மருமகளிடம் கேட்டேன். கேண்டனீஸில் வோங் இரண்டு. ஒன்று அரசன், அதை மூன்று கோட்டு வோங் என்பார்கள். இன்னொன்று மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் எழுத்து. அதன் நடுப்பகுதி உப்பலாக இருப்பதால் பெருவயிற்று வோங் என்பார்கள். இரண்டும் காதுக்குத் துளியும் மாறாது, தொனியும் ஒன்றே. விஷயம் என்னவென்றால், எங்கள் தெரு ஊய்யும் அதே மஞ்சள் எழுத்துதான். கேண்டனீஸ்காரர் வோங் என்பார், ஹொக்கியனில் ஊர்ப்பக்கத்தைப் பொறுத்து ஊய் அல்லது வீ அல்லது இங் என்பார்கள், சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் ஹுவாங். எழுத்து ஒன்றாக இருந்தால் பழைய ஆட்கள் கணக்கில் அவர்கள் பங்காளிகள். ஒரே குடும்பப் பெயருக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கூடாது. அந்தக் கவலை எனக்கு நன்றாகவே புரிந்தது, நம் வீடுகளிலும் குலம் கேட்காமல் பேச்சை ஆரம்பிப்பதில்லையே.

பேரன் பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவனுக்குச் சீன எழுத்து அவ்வளவாகத் தெரியாது, மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை. பெண் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். காரைவிட்டு இறங்கியதும் ஆ மா வாசலில் நின்று கதவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். பழைய சீன வீடுகளில் கதவின்மேல் கறுப்பிலோ சிவப்பிலோ ஒரு பலகை, அதில் தங்க நிறத்தில் இரண்டு எழுத்து இருக்கும். நான் இத்தனை காலம் அதைக் குடும்பப் பெயர் என்றே நினைத்திருந்தேன். அது குலம் தோன்றிய ஊராம். மஞ்சள் எழுத்துக்காரர்களுக்கு ஜியாங்சியா, இப்போதைய வூஹான் பக்கம். டான்களுக்கு யிங்சுவான், லிம்களுக்கு சீஹே. அரசன் எழுத்துக்காரர்களுக்குத் தாய்யுவான். அந்த வாசலில் தாய்யுவான் என்று எழுதியிருந்தது. ஆ மா வாய்விட்டுப் படித்தார், என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார், அப்புறம்தான் செருப்பைக் கழற்றினார்.

மறுமொழி – சிங்கப்பூர், ஆசிரியர்

பினாங்கு அக்கா சொன்ன அந்த மஞ்சள் எழுத்தை எங்கள் அமைச்சரவையிலேயே காட்டலாம். பிரதமர் லாரன்ஸ் வோங்கின் வோங்கும், பல ஆண்டு தற்காப்பு அமைச்சராக இருந்த இங் எங் ஹென்னின் இங்கும் ஒரே எழுத்து. திரைப்பட இயக்குநர் வோங் கார்-வாய் பெயரில் இருப்பது மற்ற வோங், அரசன்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் நான்காவது அதிபர் வீ கிம் வீ அவர்களுடையது. 1985 முதல் 1993 வரை அதிபராக இருந்தவர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொடர்பாடல் பள்ளிக்கும் அவர் பெயர்தான். பார்த்தால் ஒரே வீ முன்னும் பின்னும் வருவதுபோல் தோன்றும். முதல் வீ அந்த மஞ்சள் எழுத்து, குடும்பப் பெயர். கடைசி வீ ஒளி. கிம் என்றால் பொன். பொன்னொளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! மாண்டரினில் ஹுவாங் ஜின்ஹுய் என்று படித்தால் இரண்டும் வேறு என்பது உடனே தெரிந்துவிடும்.

எங்கள் வகுப்புப் பட்டியலில் டான் என்றும் சென் என்றும் பிள்ளைகள் இருப்பார்கள். ஹொக்கியன், தியோசியூ ஒலியில் பதிந்தால் டான், மாண்டரினில் பதிந்தால் சென், எழுத்து ஒன்றுதான். 2011 அதிபர் தேர்தலில் நின்ற நான்கு வேட்பாளர்களுமே டான். இங்கே அடையாள அட்டையில் சீன எழுத்தும் அச்சாகியிருக்கும் என்பது பெரிய உதவி.

மறுமொழி – சென்னை, இறக்குமதி வியாபாரம்

சீனாவின் இவூ நகரிலிருந்து பூட்டு, கீல், கைப்பிடி எல்லாம் எடுக்கிறேன். எனக்கு நேர்ந்தது இரண்டு புள்ளியால் வந்த தொல்லை.

சிறிய சப்ளையர் ஒருவர், குடும்பப் பெயர் லியூ என்று நம் வாயில் வரும். உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் வரும் ஒலி அது. பின்யினில் 'யூ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்து எழுத வேண்டும். புள்ளியை விட்டால் லூ ஆகிவிடும், அது வேறு குடும்பம். கீபோர்டில் அந்தப் புள்ளி எழுத்து இல்லை. பின்யினுக்கு 'வி' எழுத்து தேவைப்படாததால் சீனர்கள் அந்தக் கட்டையைத் தட்டித்தான் இதை வரவழைக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் ரொம்ப பேருடைய கணக்கிலும் அட்டையிலும் எல்-வி என்றே பதிந்திருக்கிறது. 2012இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரம், பாஸ்போர்ட்டில் எல்-ஒய்-யூ என்று எழுதச் சொல்கிறது. இவர் பாஸ்போர்ட் புதியது, பேங்க் கணக்கு பழையது. நான் பாஸ்போர்ட் நகலைப் பார்த்து முன்பணம் அனுப்பினேன். பெயர் பொருந்தவில்லை என்று அங்கிருந்து பணம் திரும்பிவிட்டது. பிடித்தம் போக மீதி வந்து சேர்வதற்குள் சீனப் புத்தாண்டு விடுமுறை ஆரம்பித்துவிட்டது, அந்தச் சரக்கு பொங்கலுக்குப் பிறகும் வெகுநாள் கழித்தே கிடைத்தது.

அந்த மனிதர் என்மேல் ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. வீசாட்டில் தன் பெயரைத் தூரிகையால் எழுதி அனுப்பினார். ஒரு சதுரத்துக்குக் கீழே இன்னொரு சதுரம், அவ்வளவு எளிய எழுத்து. இப்போது எல்லாச் சப்ளையர் பெயரையும் ஆங்கிலத்தோடு சீன எழுத்திலும் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

மறுமொழி – ஷின்ச்சூ, தைவான்

இங்கே பின்யினைவிடப் பழைய வேட்-கைல்ஸ் முறையில்தான் பாஸ்போர்ட் பெயர்கள் அதிகம். அதில் ஒரு மேற்கோள்குறி ஒலியை மாற்றும், நடைமுறையில் அதைப் போடுவதில்லை. அதனால் 'சாங்' என்று எழுதினால் மூன்று குடும்பங்கள் வந்து நிற்கும். இரண்டு ஜாங், ஒரு சாங். ஜாங் என்றால் உடனே "வில்-நீளம் ஜாங்கா, நில்-காலை ஜாங்கா?" என்று கேட்பார்கள். எழுத்தை இரண்டாகப் பிரித்து அதன் துண்டுகளைச் சொல்வது இவர்கள் வழக்கம். லீ என்றால் "மரம்-பிள்ளை லீ", லின் என்றால் "இரட்டை மர லின்", சென் என்றால் "காது-கிழக்கு சென்". சிப் தயாரிக்கும் டி.எஸ்.எம்.சி நிறுவனத்தைத் தொடங்கிய மோரிஸ் சாங், வில்-நீளம். வெளிநாட்டுக்காரன் இப்படிக் கேட்டால் இவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

மறுமொழி – மதுரை, இலக்கிய வாசகர்

தொடக்கப் பதிவைப் படித்ததும் எனக்குக் கவிஞர் வாங் வெய் நினைவுதான் வந்தது. தாங் வம்சக் காலம், எட்டாம் நூற்றாண்டு. மலையும் மாலை வெயிலும் யாருமற்ற காடுமாக எழுதியவர், ஓவியரும்கூட. அவருடைய வெய் என்ன பொருள் என்று தேடிப் போனேன். எழுத்துக்குப் பொருள் பிணைப்பது, கட்டிக் காப்பது. ஆனால் அவர் வளர்ந்தபின் வைத்துக்கொண்ட இன்னொரு பெயர் மோஜியே. வெய்யையும் மோஜியேவையும் சேர்த்துப் படித்தால் வெய்மோஜியே. அது விமலகீர்த்தி என்ற சமஸ்கிருதப் பெயரின் சீன ஒலிபெயர்ப்பு. மாசற்ற புகழுடையவன். குமாரஜீவர் 406இல் சீனத்தில் மொழிபெயர்த்த பௌத்த சூத்திரத்தின் நாயகர், துறவறம் பூணாமல் இல்லறத்தில் இருந்தே ஞானம் அடைந்தவர். கவிஞரின் தாய் ஆழ்ந்த பௌத்தப் பற்றுடையவர். ஆக அந்த வெய்யில் 'வி' என்ற நம் பக்கத்து ஒலியும் உட்கார்ந்திருக்கிறது. சீன எழுத்தைப் பார்த்தாலும் இது தெரியாது, மற்றப் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இவர் ஒருவர்தான் என்று நினைத்து நூலகப் பட்டியலில் தேடியபோது மிங் காலத்து வாங் வெய் வந்தார். அவர் பெண் கவிஞர், 17ஆம் நூற்றாண்டு, கணிகையாக வாழ்ந்து பயணங்களை எழுதியவர். அந்த வெய்க்கு நுண்மை என்று பொருள். அதே நுண்மை வெய்யோடு ஐந்தாம் நூற்றாண்டில் இன்னொரு வாங் வெய், மலைநீர் ஓவியம் பற்றிக் கட்டுரை எழுதியவர். தாங் கவிஞரும் நிலக்காட்சி ஓவியர் என்பதால் ஆங்கில நூல்களில் இந்த இருவரையும் பிரித்தறியக் கவனம் தேவை. 2001 ஏப்ரலில் ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானத்தோடு மோதி இறந்த சீன விமானியும் வாங் வெய்தான், அவர் உங்கள் லேசர் பிரிவு நண்பரின் எழுத்து, மாபெரும்.

தேடுகிறவர்களுக்கு ஒன்று: பெயரோடு தாங், மிங் என்று அரச வம்சத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஐந்தாம் நூற்றாண்டுக்காரருக்கு லியூ சோங்.