சிலிண்டரை 734 சிசிக்குப் பெரிதாக்கிய ராப்டர் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பதாயர் மணல்மேட்டில் யமஹா ராப்டர் 700 என்ற நாலு சக்கர மணல் பைக் ஓட்டுவேன். கம்பெனி எஞ்சின் (போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம் 102 மி.மீ., 686 சிசி) நாலு வருஷம் ஒரு தொல்லையும் தரவில்லை. போன குளிர்காலத்தில் ரேஸ் ஆசையில் 105.5 மி.மீ. போர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்டு 734 சிசி ஆக்கினேன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) கூடியதால் 98 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று சொல்லும் எரிபொருள் மேப்பும் மாற்றியாயிற்று.

இருபது மணி நேரம்கூட ஓடவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் நீலப் புகை. ஒரு நாள் ஓட்டத்துக்குக் கால் லிட்டர் ஆயில் குறைகிறது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தேன், சிலிண்டர் சுவரில் மேலும் கீழுமாகக் கோடுகள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றினால் ஆயில் ஊற்றும் வாயில் உஸ்ஸென்று வருகிறது. ஆக, பிஸ்டனைச் சுற்றி அடைத்து நிற்கும் ரிங் போய்விட்டது.

ஏன் போனது என்பதுதான் கேள்வி. ஏர் பில்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் மாவு மாதிரி சிவப்பு மணல். பில்டருக்கு ஆயில் தடவித்தான் போடுகிறேன், கிளாம்பும் இறுக்கமாகவே இருந்தது. அப்புறம் எப்படி உள்ளே போகிறது?

பாலைவனத்தில் பெரிய போர் எஞ்சின் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்? ரிங் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? இந்தச் சிலிண்டரை மறுபடி பூச்சுப் போட்டுக் காப்பாற்றலாமா, இல்லை 102-க்கே திரும்பிவிடட்டுமா? எனக்கு அந்த இழுவிசையை விட மனசில்லை. ஆனால் அபுதாபியின் லிவா பாலைவனப் பக்கம் நடு மணலில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.