ஐயாவின் காற்று நோட்டு: பாம்பன் பெரிய வீட்டுக் குழு

ஜெயா அத்தை: ஐயாவின் ஆண்டு நினைவுத் திருப்பலி ஞாயிறு காலை. பங்குத் தந்தையிடம் சொல்லியாகிவிட்டது. காற்றையும் கடலையும் பற்றி அவர் எழுதி வைத்த நோட்டை இணையத்தில் போடுவோம் என்று பேசினோமே, அது என்ன ஆயிற்று?

ரீட்டா மதினி: அதுதானே.

கென்னடி மச்சான்: ராமநாதபுரத்தில் ஒருவரிடம் விசாரித்தேன். முப்பதாயிரம் கேட்கிறார். வருடா வருடம் கட்டணம் தனி.

சூசை பெரியப்பா: முப்பதாயிரமா? வலை வாங்கலாம்.

அருள்: மச்சான், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். நோட்டில் இருப்பது மாறாத எழுத்து. நாம் கடை வைக்கவில்லை, டிக்கெட் விற்கவில்லை. கடவுச்சொல், தரவுத்தளம் எதுவுமே தேவைப்படாது. இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் கோப்பு ஒன்று, படங்கள் போட ஒரு கோப்புறை, இரண்டும் போதும். முகவரியைத் தட்டுகிறவருக்கு சர்வர் அந்தக் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கும். இதைத்தான் ஸ்டேட்டிக் தளம் என்கிறார்கள். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் போட்ட முதல் தளமும் இந்த வகைதான். அதன் பழைய பிரதியை இன்றைக்கும் கைப்பேசியில் திறந்து படிக்கலாம்.

கென்னடி மச்சான்: சரி.

மேரி சித்தி: நெத்திலிக் கருவாடு காய்ந்துவிட்டது. யாருக்கு வேண்டும்?

நிர்மலா (மண்டபம்): எனக்கு ஒரு கிலோ சித்தி.

ரீட்டா மதினி: எனக்கும். முகநூலில் ஒரு பக்கம் திறந்தால் போதாதா அருள்?

அருள்: மதினி, அங்கே போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூலம் நம் கையில் இருக்க வேண்டும். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது, 1994-இல் தொடங்கியது. ஏராளமானவர்கள் அதில் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். யாகூ அதை வாங்கி 2009-இல் மூடிவிட்டது. தன் கோப்புகளைத் தனியாக வைத்திருந்தவர் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார். ஐயாவின் கோப்புறையை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பென் டிரைவில் வைத்துவிட்டால், எந்த நிறுவனம் மூடினாலும் நமக்கு இழப்பில்லை.

ஷெரின்: அண்ணா, டைப் செய்யக் கொடுத்த பக்கங்கள் வந்துவிட்டன. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாக, புரியாமல் இருக்கிறது.

அருள்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். அது நிறுவப்படாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். பாமினியை, எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுப் பார். கோப்பின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்ற வரியை மறக்காதே.

ஷெரின்: சரி. தளம் கட்டித் தரும் ஹியூகோ மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டுமா? கல்லூரியில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அருள்: கற்றுக்கொள், ஆனால் முதல் பக்கத்தைக் கையாலேயே எழுது. எந்த வரி என்ன செய்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். பிடித்த தளம் ஒன்றைக் கணினியில் திறந்து, வலது சொடுக்கில் மூலத்தைப் பார், அதைவிட நல்ல பாடம் கிடையாது. மாதத்துக்கொரு பக்கம் என்று பெருகும்போது தலைப்பையும் பட்டியலையும் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டிவரும். அப்போது ஹியூகோவோ, அதே மாதிரியான ஜெகிலோ இலெவன்டியோ எடுத்துக்கொள்ளலாம். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் உரையை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஒரே கட்டளையில் எல்லாப் பக்கங்களையும் கட்டித் தரும். ஜெகிலுக்கு ரூபி என்ற நிரல்மொழியை நிறுவ வேண்டும். ஹியூகோ ஒரே நிரல் கோப்பாக வருகிறது, உன் மடிக்கணினிக்கு அதுதான் பொருத்தம். இணையத்தில் ஏற்றுவதற்கு நியோசிட்டீஸ் அல்லது கிட்ஹப் பேஜஸ் சேவை. இரண்டிலும் இலவசமாக ஒரு ஜிபி வரை இடம். கைப்பேசிப் படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும், சுருக்கித்தான் போட வேண்டும்.

கென்னடி மச்சான்: இவ்வளவு நீளமா? மாலை படிக்கிறேன்.

சூசை பெரியப்பா: நோட்டு என்னிடம் இருக்கிறது. கேட்காமல் யார் படம் எடுத்தது?

மேரி சித்தி: நோட்டு மட்டுமா உங்களிடம் இருக்கிறது?

ஜெயா அத்தை: மேரி, இங்கே வேண்டாம்.

மேரி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஷெரின்: பெரியப்பா, ஈஸ்டர் அன்று உங்கள் வீட்டில் வைத்துத்தான் எடுத்தேன். அப்பத்தா எடுக்கச் சொன்னார்கள்.

சூசை பெரியப்பா: எடுத்தது எடுத்ததாக இருக்கட்டும். கடலடியில் எந்தப் பாறைத் திட்டு, அதாவது பார், எங்கே இருக்கிறது, கரையில் எதைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்றெல்லாம் அவர் எழுதியிருக்கிறார். அதை ஊர் உலகத்துக்குக் காட்டக் கூடாது. நாங்கள் இன்னும் அங்கேதான் தொழில் செய்கிறோம்.

கென்னடி மச்சான்: யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார் என்பதும் அதில் இருக்கிறது.

நிர்மலா (மண்டபம்): ஐயோ.

அருள்: பெரியப்பா சொல்வது முழுக்க நியாயம். ஒரு முறை வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது. இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷின் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும். கிட்ஹப்பில் இலவசக் கணக்கென்றால் மூலக் கோப்புகளும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்க வேண்டும், நாம் நீக்கிய வரி பழைய பதிப்பில் அப்படியே நிற்கும். பார், கடன், தொலைபேசி எண் எதையும் முதலிலிருந்தே கோப்புறைக்குள் வைக்கவே கூடாது. காற்றுக் கணக்கும் புயல் பக்கமும் போதும்.

ஜெயா அத்தை: புயல் பக்கம் கட்டாயம் வேண்டும். 1964 டிசம்பர் 23.

கென்னடி மச்சான்: 22 அத்தை.

ஜெயா அத்தை: 23. ஐயா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சூசை பெரியப்பா: இரண்டும் சரிதான். 22 இரவு அடித்தது, விடிந்தால் 23. தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதும் அந்த இரவுதான். ஐயா எழுதியதை எழுதியபடியே போடுங்கள், ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டாம்.

ஷெரின்: சோதனைக்கு ஒரு பக்கம் ஏற்றிவிட்டேன். பெயர் எதுவும் போடவில்லை, காற்று மட்டும். சுட்டி மேலே இருக்கிறது.

ரீட்டா மதினி: திறந்துவிட்டதே! உடனே வந்துவிட்டது.

நிர்மலா (மண்டபம்): இங்கே சிக்னல் ஒரு கோடுதான். இருந்தும் திறக்கிறது.

அருள்: வெறும் எழுத்து என்பதால் எடை சில கேபிதான். கடலுக்குள் போகிறவர் கைப்பேசியில் கோப்பைச் சேமித்து வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலேயே படிக்கலாம்.

சூசை பெரியப்பா: ஷெரின், தப்பாக இருக்கிறது. மேல்காற்றான கச்சான் அடிக்கும்போது வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், கொந்தளிக்கும் என்று போட்டிருக்கிறாய். ஆடியில் கொந்தளிப்பது தென்கடல். மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்க முடியாது, வடகடல் அடங்கிக் கிடக்கும். மார்கழி வாடையில் அப்படியே மாறும்.

ஷெரின்: மாற்றிவிட்டேன் பெரியப்பா. மறுபடி திறந்து பாருங்கள்.

சூசை பெரியப்பா: அதற்குள்ளாகவா?

ஷெரின்: ஒரு வரிதானே, கோப்பில் திருத்தி மறுபடி ஏற்றினேன்.

சூசை பெரியப்பா: கீழ்க்காற்றான கொண்டலைப் பற்றி ஒன்றும் இல்லையே. தென்காற்றான சோழகமும் குறைவாக இருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வா, நோட்டை எடுத்து வைக்கிறேன். எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

மேரி சித்தி: நானும் வருகிறேன்.

ஜெயா அத்தை: வா.

கென்னடி மச்சான்: சொந்த முகவரி வாங்க வேண்டாமா? டாட் இன் என்று முடிவது?

அருள்: வாங்கலாம், ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். யார் பெயரில், யார் கட்டுவது என்று முடிவாகட்டும். அதுவரை இலவச முகவரியே இருக்கட்டும்.

கென்னடி மச்சான்: பெரியப்பா பெயரில் வாங்கலாமே.

மேரி சித்தி: எல்லாமே அவர் பெயரிலா?

ரீட்டா மதினி: ஷெரின் பெயரில்?

சூசை பெரியப்பா: சனிக்கிழமை பேசலாம்.

நிர்மலா (மண்டபம்): சித்தி, கருவாட்டை யாரிடம் கொடுத்தனுப்புவீர்கள்?

ஜெயா அத்தை: சனிக்கிழமை மதியம் எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்று இன்றே சொல்லுங்கள். அருள், மதுரையிலிருந்து வருவாயா?

அருள்: டிக்கெட் பார்க்கிறேன் அத்தை.