வார்ப்பிரும்பு, கார்பன் ஸ்டீல் வேலையில் நீங்கள் பார்த்தவை

கடைசல்காரன்:
இந்த இரண்டிலும் கை வைத்தவர்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள். நான் தொடங்குகிறேன். சாம்பல் வார்ப்பிரும்பை லேத்தில் கடைந்தால் சுருள் வராது, கருப்புத் தூள்தான் கொட்டும். அன்றைக்கு மூக்கைச் சிந்தினால் அதுவும் கருப்புதான். உள்ளே செதில் செதிலாகக் கிடக்கும் கிராஃபைட்தான் காரணம். டூல் போகும் வழியில் உலோகம் அங்கங்கே அறுந்துவிடுகிறது. கூலன்ட் இல்லாமலே கடையலாம். விட்டால் தூளோடு சேர்ந்து சேறாகி ஸ்லைடில் அப்பிக்கொள்ளும்.

சமீபத்தில் ஒரு கப்பி வந்தது. நடுப்பகுதி சுகமாக வெட்டியது. மெலிந்த விளிம்புக்குப் போனதும் கீச்சென்று சத்தம், கார்பைடு முனை போய்விட்டது. மெல்லிய இடம் அச்சுக்குள் சீக்கிரம் ஆறினால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரம் கிடைக்காது, இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற மிகக் கடினமான பொருளாகவே உறைந்துவிடும். அதுதான் வெள்ளை இரும்பு. கப்பியை உலையில் 900 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சில மணி நேரம் வைத்து மெல்ல ஆற்றினோம். அப்புறம் விளிம்பும் தூளாகக் கொட்டியது.

நிக்கல் ராடு:
அண்ணா, அந்தக் கிராஃபைட்தான் எங்கள் உயிரையும் எடுக்கிறது. விரிசல் விட்ட பம்பு உறை ஒன்று வந்தது. யாரோ சாதாரண ஸ்டீல் வெல்டிங் ராடால் ஒட்டியிருந்தார்கள். வெல்டு கல் மாதிரி நிற்கிறது, அதை ஒட்டிப் பக்கத்தில் புது விரிசல்! ஆறும்போது வெல்டு சுருங்கி இழுக்கும். ஸ்டீலாக இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். சாம்பல் இரும்பு எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் அந்தக் கிராஃபைட் செதில் வழியே விட்டுவிடும்.

விரிசலின் இரண்டு முனையிலும் துளை போட்டு, V வடிவில் தோண்டி, டார்ச்சால் சூடேற்றினேன். கழுவித் துடைத்த உறைதான், ஆனாலும் உள்ளிருந்து எண்ணெய் கசிந்து வந்தது. அது எரிந்து தீரும்வரை ராடைத் தொடவில்லை. பிறகு நிக்கல் ராடில் ஓர் அங்குலம் ஓட்டுவது, சூடு குறைவதற்குள் சுத்தியலால் லேசாகத் தட்டுவது, அடுத்ததை வேறு இடத்தில் தொடங்குவது. கடைசியில் காய்ந்த மணலில் புதைத்துவிட்டு மறுநாள் எடுத்தேன். ஆறும்போது 'டிங்' என்று கேட்டால் கதை முடிந்தது, இதில் கேட்கவில்லை.

இரும்புச்சட்டி:
நான் பட்டறை ஆள் இல்லை, சட்டி பழக்குகிறவன். எண்ணெய் தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு ஓவனில் 230 - 250 டிகிரியில் வைத்தால் கடினமான கருப்புப் படலம் கிடைக்கிறது. தாராளமாகத் தடவினால் பிசுபிசுப்புதான் மிச்சம். என் வார்ப்புச் சட்டி சொரசொரப்பு, படலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பான கார்பன் ஸ்டீல் தகட்டில் கொஞ்சம் தடித்தாலும் செதிலாக உரிகிறது.

பவுடர் பூத்:
நிக்கல் ராடு நண்பரே, உங்களுக்குக் கசிந்த எண்ணெய் எங்களுக்கு ஊசித்துளையாக வருகிறது. வார்ப்பிரும்புக் கால்களுக்குப் பவுடர் (சூட்டில் உருகிப் படியும் பெயின்ட் பொடி) அடித்து 200 டிகிரி ஓவனுக்குள் விட்டோம். வெளியே வந்தபோது மேற்பரப்பு முழுக்க அம்மைத் தழும்பு. பவுடர் உருகி இறுகும் நேரத்தில்தான் துளைகளில் இருந்த காற்றும் எண்ணெய் ஆவியும் அதைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. இப்போதெல்லாம் வார்ப்பு எது வந்தாலும் முதலில் வெறுமனே, பவுடர் இறுகும் சூட்டைவிடச் சற்று அதிகமாகவே சுட்டு எடுத்துவிட்டுத்தான் பவுடர்.

கார்பன் ஸ்டீல் தகட்டில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேறு வியாதி. ஆக்சிஜன் விட்டு லேசரில் வெட்டிய தகடு என்றால் விளிம்பில் ஆக்சைடு தோல் உட்கார்ந்திருக்கும். பெயின்ட் அந்தத் தோலைத்தான் பிடிக்கும், இரும்பை அல்ல. லேசாக இடித்தால் தோலோடு உரிந்து வரும். விளிம்பைத் தேய்த்துவிட்டு அடியுங்கள், அல்லது நைட்ரஜனில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்:
பூச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் கடினப்படுத்திய ஹை கார்பன் கிளிப்புகளை ஜிங்க் பிளேட்டிங்குக்கு வெளியே கொடுத்தோம். மினுமினுப்பாக வந்தன. பொருத்திவிட்டுப் போனோம், காலையில் பார்த்தால் யாரும் தொடாமலே பல கிளிப்புகள் இரண்டாக உடைந்து கிடந்தன. ஆசிடில் கழுவும்போதும் பிளேட்டிங் தொட்டியிலும் ஸ்டீலுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். கடினம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சுட வேண்டும். இப்போது ஆர்டரிலேயே அதை எழுதிக் கொடுக்கிறோம். கார்பன் குறைந்த, மிருதுவான மைல்டு ஸ்டீல் போல்ட்டுக்கெல்லாம் இந்தக் கவலை வேண்டாம்.