புதுப்பிப்பு: ஆற்றங்கரை கேரவன் பூங்காவில் மூன்று இரவுகள்

இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போகிறோம், கேரவனை (படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி) நிறுத்த ஆற்றை ஒட்டிய இடத்தை எடுக்கலாமா, மேட்டு வரிசையை எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மேடுதான் என்றீர்கள். அப்படியே செய்தோம், போய் வந்தும் விட்டோம்.

இரண்டாம் நாள் காலையில் அதன் அருமை புரிந்தது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் முந்தின நாள் தெளிவாக ஓடிய ஆறு கலங்கி, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. மழை பெய்தது ஆறு வரும் மேல்புறத்தில். தண்ணீர் வந்து சேர இரவு முழுக்க ஆகியிருக்கிறது. கீழ் வரிசைக்காரர்கள் அவசரமாக வண்டிகளை மேலே ஏற்றினார்கள். நீங்களும் போனால், தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். மட்டம் ஏறுகிறதா என்று பார்த்ததும் தெரியும்.

பிள்ளைகள் கரைக்குப் போனாலே உயிர்காப்புச் சட்டை போட வைத்தோம். கையில் மாட்டும் காற்றுப்பை ஓடும் தண்ணீருக்கு உதவாது.

அப்புறம், முதல் இரவு ஜன்னல்களை இறுக மூடிவிட்டோம். நாலு பேர் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து மெத்தை ஓரம் வரை நனைந்தது. மறுநாள் கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்து வைத்ததும் சரியாகிவிட்டது.

கேரவனுக்கு மின்சாரம் எடுக்கும் மின்கம்பிச் சுருளை முழுவதும் பிரித்துத்தான் இணைக்க வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடேறும். இதைச் சொன்னவருக்குத் தனியாக நன்றி.

அடுத்த முறையும் மேட்டு வரிசைதான்.