மறு: ஓபியாய்டுக்கு ‘போதை வலிநீக்கி’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கடும் வலிக்கான மருந்துகளின் பொதுப்பெயரான ஓபியாய்டுக்குத் தமிழில் ‘போதை வலிநீக்கி’ என்று போன மடலில் முன்மொழிந்த ஐயாவுக்கு: பொருள் தப்பில்லை. ஆனால் நாம் சொல் தேடுவது செம்மறி ஆட்டு அறுவைச் சிகிச்சை பற்றிய கையேட்டுக்கு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மட்டும் படிப்பதென்றால் சரி. அறுவடை முடிந்து மன்னார்குடிப் பக்கம் வயலில் ஆடுகளைக் கிடை போட வரும் மந்தைக்காரர் கீதாரியின் காதிலும் அந்தச் சொல் விழுமே. கால் முறிந்த கிடாவுக்குப் ‘போதை ஊசி’ என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போயே விடுவார்.

‘அபினி மருந்து’ என்பதும் பொருந்தவில்லை. மார்ஃபின் கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் பாலில் இருப்பது. அதை அபினிச் சாரம் எனலாம். ஃபென்டனில் ஆய்வுக்கூடத்தில் செய்தது, செடிக்கும் அதற்கும் உறவில்லை. உடலில் இரண்டும் போய் ஒட்டும் இடம்தான் ஒன்று. ஆகவே பொதுப்பெயராக ‘அபினிநிகரி’ என்கிறேன்.

இதைவிடப் பெரிய வம்பு ‘மயக்க ஊசி’. எங்கள் பக்கம் ஆட்டை அடங்கிக் கிடக்க வைக்கும் சைலசினும் அதுதான், நினைவிழக்கச் செய்யும் கெட்டமினும் அதுதான். சைலசின் போட்ட ஆடு தலையைத் தொங்கப்போட்டுப் படுத்துவிடும், கத்தாது. செம்மறியோ இயல்பிலேயே வலியை வெளிக்காட்டாத பிராணி. வலியே இல்லை என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். வலி குறைக்கும் குணம் சைலசினுக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் நெடுநேரம் நிற்காது; அறுவைக்கு அது மட்டும் போதாது. உடல் எடைக்குக் கணக்கிட்டால், குதிரைக்குப் போடுவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் ஆட்டுக்கு. அதிலேயே சில ஆடுகளுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

அபினிநிகரி நேர்மாறு. வலியில்லாத ஆட்டுக்கு அதை மட்டும் கொடுத்தால் படுக்காமல் பரபரத்து, வாயைச் சும்மா மென்றுகொண்டு சுற்றலாம். இரைப்பை அசைவு குறைந்து வயிறு உப்பவும் கூடும். முறிமருந்தும் வேறுவேறு: அபினிநிகரியை முறிக்கும் நாலாக்சோன், சைலசினில் கிடக்கும் ஆட்டை எழுப்பாது. அதற்கு யோகிம்பின் போல ஒன்று வேண்டும். இத்தனையையும் ஒரே பெயரில் அழைத்தால் அவசரத்தில் எதை எடுப்பது?

என் பரிந்துரை: வலியைப் போக்குவது வலிநீக்கி, அடங்கிக் கிடக்க வைப்பது தணிப்பி, ஓரிடத்தை மரக்கச் செய்வது மரப்பூசி. நினைவே இல்லாமல் ஆக்குவதை மட்டும் மயக்க மருந்து என்போம்.

——

மறு: மறு: (கும்பகோணத்திலிருந்து)

டாக்டர் அண்ணனுக்கு,

அபினிநிகரி சரி. கிடைக்காரரிடம் எப்படியும் ‘வலி ஊசி’ என்றுதான் சொல்லப்போகிறீர்கள், அதையும் கையேட்டில் ஓரமாகப் போட்டுவிடுங்கள்.

‘தணிப்பி’தான் இடிக்கிறது. வலி தணிப்பு என்று ஏற்கெனவே எல்லாரும் எழுதுகிறோம். நீங்கள் பிரிக்க நினைத்த இரண்டும் அதே சொல்லில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ‘அமைதியூட்டி’ ஆகுமா?

மரப்பூசிக்கு ‘ஓரிடம்’ என்ற விளக்கமும் போதாது. இடுப்புப் பக்கம் முதுகெலும்பின் இடைவெளியில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் போட்டால் ஆட்டின் பின்கால்கள் துவண்டுவிடும். அதே இடத்தில் மார்ஃபின் போட்டால் வலி அடங்கும், ஆடு காலூன்றி நிற்கும். ஊசி ஏறும் இடம் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது மரப்பு இல்லையே. விளக்கத்தை ‘தொடுவுணர்வும் அசைவும் போகச் செய்வது’ என்று மாற்றினால் எனக்குச் சம்மதம்.